இலையுதிர் காலத்தில் விதைக்கவும்

பொட்டலத்தின் முதுகில் அப்படித்தான் இருந்ததாம்,
சூப்பர்வைசர் குணவதி படித்துச் சொன்னாள்.

இங்கே இலை உதிர்த்தது கித்தா மரம் ஒன்றுதான்,
அதுவும் மாசி வெயிலில்.
கித்தாவை வெட்டிச் செம்பனை வைத்துவிட்டார்கள்.
செம்பனை தானாக எதையும் விடாது,
யாராவது அறுத்துப் போட வேண்டும்.

எங்களுக்கு இருப்பது மழை.
ஐப்பசி பிறந்தால் மூன்று மணிக்கு
ஆலைப் புகையை மிதித்துக்கொண்டு வரும்,
சாலட்டைக் கூழாக்கிவிட்டுப் போகும்.

செத்த ஐஸ்பெட்டியைப் பின்சந்தில் மல்லாக்கக் கிடத்தினேன்.
தவணைக்கு நாலு மாதம் இருக்கையில் நின்றது.
அதற்கு முந்தின வாரம்
வாங்கியவர் ஜொகூருக்குப் போயிருந்தார்.
நாலு மாதமும் நான் கட்டினேன்,
பெட்டி என்னுடையது.

அடியில் ஆணித் துளைகள்.
வெறுங்குலை மக்கிய கறுப்பு மண்.
மேலே, இடித்த தோட்டத்து ஆஸ்பத்திரியின்
சன்னல் கண்ணாடிப் பட்டைகள்,
மழை வழுக்கிப் போகச் சாய்வாக,
வெக்கை வெளியேற ஒரு விரல் சந்து விட்டு.

விதைக்குக் குளிர் வேண்டுமாம்.
ஈர டிஷ்யூவில் மடித்து
மக்சிக் ரொக்கியா வீட்டு ஐஸ்பெட்டியில்
சம்பால் டப்பாவுக்குப் பக்கத்தில்
மூன்று இரவு தூங்க வைத்தேன்.
"யார் இது?" என்று கேட்டானாம் அவர் பேரன்.

நாற்பது முளைத்தன. ஒன்பது நத்தைக்கு.
இரவு ஷிப்ட் முடிந்து,
கையுறைப் பவுடர் விரலிடுக்கில் இருக்க,
டார்ச் அடித்து நத்தை பொறுக்கினேன்.

கேமரன்மலைப் பாதையில் மண் சரிந்த வாரம்
பர்கர் வண்டி அஸ்மான் வாசலில் வந்து நின்றான்.
லாரி வரவில்லை.
முட்டைக்கோஸ் வைத்தால் ஆட்கள் திட்டுகிறார்கள்.
"இலை என்ன விலை?"

கையுறை ஆயிரம் என்ன விலை என்று தெரியும்.
இது தெரியாது.
ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தேன், மென்றான்.
"கொஞ்சம் கசப்பு."
"மூணு நாள் வெயில் அடிச்சது, அதான்."
"சாஸ் ஊத்தினா தெரியாது" என்று
பிளாஸ்டிக் பையை விரித்தான்.

அன்று மாலை, வேலைக்குப் போகும் பஸ்ஸின் சன்னலில்
பெட்ரோல் நிலைய முச்சந்தி.
ஹெல்மெட் கழற்றாத யாரோ ஒருவர்
மோட்டார் மேல் உட்கார்ந்தபடி கடித்தார்.
உதட்டோரம் என் பச்சை
ஒரு கிழிசலாய்த் தொங்கிற்று.

முகம் சுளித்தாரா என்று பார்ப்பதற்குள்
பஸ் திரும்பிவிட்டது.