பேப்பர் கப் என்றால் பதினாலு

அட்டையில் எழுதித் தொங்கவிட்டது கலியமூர்த்தி.
டீ பன்னிரண்டு. பேப்பர் கப் என்றால் பதினாலு.
பதினாலுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.
எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
கழுவுகிறவளிடம் எதற்குச் சொல்வார்கள்.

முதுநகர் துறைமுகம், விடிகாலை நாலரை.
விசைப்படகுகள் உப்பனாற்றுக்குள் திரும்புகிற நேரம்.
ஒரு கூடை சங்கராவுக்கு
இருநூறு ஏற்றிக் கேட்டாலும் இமைக்காத வியாபாரிகள்
ரெண்டு ரூபாய்க்கு
ஐஸ் உருகும்வரை நின்று சண்டை போட்டார்கள்.

"காகிதத்துக்குக் காசா?"
"வெறும் காகிதம் இல்லண்ணே, உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு."
ஏலக்காரர் ஜெய்லானி விடுவாரா:
"அது தடை பண்ணின சாமான்தானே,
அதுக்கு நீ எப்படிப்பா விலை போடுவே?"
கலியமூர்த்திக்குப் பதில் வரவில்லை.
பாலைக் கிண்டினார்.

முதல் நாள் நூற்றுப் பதினோரு கிளாஸ்.
மறுநாள் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
விரலிடுக்கில் சோப்பு கடித்தது.
மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார்,
அட்டையைப் படம் எடுத்தார்,
நல்ல காரியம் என்று கைகுலுக்கினார்,
கலியமூர்த்தியின் கையை.
என் கை அப்போது வாளிக்குள் இருந்தது.
அவருக்கு டீ பேப்பர் கப்பில்தான் போனது.
அந்த ரெண்டு ரூபாயை யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் லோடு ஏற்றுகிற வீரபத்திரன்
நாணயத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி
ஒரு கப் வாங்கினான்.
குடித்தான்.
கசக்கினான்.
என் காலடியில் போட்டான்.
"என்ன பார்க்கிறே? போடுறதுக்கும் சேர்த்துத்தான் காசு."

அன்று ராத்திரி கடை அடைக்கும்போது சொன்னேன்:
ரெண்டு ரூபாய் போனால் போகட்டும் என்பான்,
இருபது திரும்பி வரும் என்றால் ஆளும் திரும்பி வருவான்.
எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் போடுங்கள்.
இருபதை வைத்துவிட்டு எடுத்துப் போகட்டும்
படகுக்கோ, ஐஸ் பிளான்ட்டுக்கோ, மச்சான் வீட்டுக்கோ.
கொண்டுவந்தால் காசு கையில்.

"சரிதான். கழுவுறது யாரு?"

பதினோரு வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி.
சட்டென்று சொல்லிவிட்டேன்:
பேப்பர் கப்புக்கு டப்பாவில் விழுகிற காசு எனக்கு.
அப்புறம் ஒரு ஜோடி கையுறை.

அறுபது டம்ளர் வந்தது.
ஒரு மாதத்தில் நாற்பத்து மூன்று மிச்சம்.
ஒன்றில் சோதிக்குப்பத்துப் படகொன்று
தண்ணீர் இறைப்பதைக் கண்ணால் பார்த்தேன்.
இன்னொன்று மீன் விற்கிற மங்கவரத்தாளின் இடுப்பில்,
சில்லறை போட்டு, சுருக்குப்பையை விட வசதியாம்.

ஆற்றில் கப் குறைந்ததா என்று கேட்காதீர்கள்.
நீர் வற்றும் நேரத்தில் போய் நின்றேன்.
சேற்றில் வெள்ளை வெள்ளையாக விளிம்புகள்.
ஒரு கொக்கு கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தது.
எந்த வருஷத்துக் கப் என்று
எதிலும் எழுதியிருக்கவில்லை.

டப்பாவில் மட்டும் கணக்கு தெளிவு.
முதல் மாதம் ஆயிரத்து எண்ணூறு.
அடுத்தது தொள்ளாயிரம்.
இந்த மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
கிளாஸோ இரண்டு மடங்கு.
"கப் குறையக் குறைய என் காசும் குறையுதே,
இதுக்கு நான் சந்தோஷப்படணுமா?"
கலியமூர்த்தி பாலைக் கிண்டினார்.
கிண்டிக்கொண்டே,
"கழுவுற கிளாஸுக்கு எட்டணா போட்டுக்க" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

பேரம் பேசலாம் என்று வாயைத் திறந்தேன்.
அதற்குள் வீரபத்திரன் வந்து நின்றான்,
நசுங்கிய டம்ளரை நீட்டியபடி.
பரங்கிப்பேட்டை வரை போய் வந்ததாம்.
டீசல் வாடை, அடியில் ரெண்டு செதில்.

"இருபது ரூபாய் குடு."

முதலில் மோந்து பார்த்தேன்.
கையுறையை மாட்டிக்கொண்டேன்.