லிப்ட் பழுது

செந்தூலில் எங்கள் பிளாட்டின் லிப்ட்
தீபாவளிக்கு முந்தின வாரம் நின்றுபோனது.
பதினோராம் மாடியில் என் வாடகை அறை.

ஜிம்முக்கு எட்டு மாதமாய்க் காசு கட்டுகிறேன்.
போனது இரண்டு தடவை.
அதில் ஒன்று, போட்டோ எடுக்க.

நான்காம் மாடியிலேயே மூச்சு வாங்கியது.
வயது இருபத்தாறு.
ஐந்தில் யாரோ நெத்திலி வறுத்தார்கள்.
ஏழில் ஒரு சீனப் பையன்
படியில் குந்தி வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தான்.
நிமிர்ந்து, மலாயில் கேட்டான்:
களைப்பா?
ஆமாம் என்றேன்.
அந்த வாரம் முழுக்க
நான் சொன்ன ஒரே உண்மை.

பங்சாரில், ஹெட்போனுக்குள்,
நாளைக்குத் தொண்ணூறு முறை
நலமாக இருக்கிறேன் என்பதுதான் என் வேலை.
தைப்பிங்கிலிருந்து அம்மா
பசியாறியாச்சா என்றால்
ஆச்சும்மா.
மைலோ மட்டும் குடித்த வயிறு.

மூன்றாம் வாரம்
எட்டாம் மாடித் திருப்பத்தில் நின்று போன் போட்டேன்.
"பசியாறலம்மா.
தூக்கமும் சரியில்ல, கொஞ்ச நாளாவே."
அந்தப் பக்கம் குக்கர் கத்தியது.
அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.
நெடுநேரம் பேசவில்லை,
போனை வைக்கவும் இல்லை.
கீழே எல்.ஆர்.டி. ஒன்று மழைக்குள் போயிற்று.

நேற்று லிப்டைச் சரிசெய்துவிட்டார்கள்.
புது பல்பு. துப்பாதீர்கள் என்று மூன்று மொழியில்.
ஏறினேன், எதற்குப் பொய், கால் வலிதான்.
ஏழாம் எண்ணை அழுத்தினேன்.

பையன் இல்லை.
படியில் பென்சில் சீவிய சுருள்கள்.
மீதி நான்கு மாடி
நடந்தே.