மூன்றாவது முறைப்பாடு

பரந்தன் சந்தியிலிருந்து பூநகரி றோட்டில்
இரண்டாவது நெல் ஆலை.
அதன் பின்மதில்தான் எங்கள் வேலி.
நெல் ஊறிய தண்ணீர் மூன்று நாள் புளித்து
மதிலைத் துளைத்த குழாயால் வந்து
வாய்க்காலில் விழும்.

அந்த நாற்றத்தை பி.எச்.ஐ.க்கு எழுத
முதல்முறை எனக்கு இரண்டு பக்கம் பிடித்தது.
அடுத்தமுறை ஒரு பக்கம்.
மூன்றாம் முறை ஒரு வரி:
ஐயா, வந்து மணந்து பாருங்கள்.

வந்தது அவர் இல்லை.
அறிவியல்நகரிலிருந்து ஒரு பெட்டை,
மோட்டார்சைக்கிளின் இரு பக்கமும் வெறுங்கலன் கட்டி.
அனோஜிதா. ஊர் களுவாஞ்சிக்குடியாம்.
குழாய் வாயில் குந்தியிருந்து
தேங்காய்ப்பால் வடிப்பதுபோல்
துணி வைத்து வடித்தாள்.
"அக்கா, இது கழிவில்லை. சாப்பாடு."
ஆருக்கு?
"பங்கசுக்கு."
எட்டு வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு தின்றவளுக்கு
முன்னால் நின்று அப்படிச் சொன்னாள்.

கலனுக்கு நூறு தருகிறேன் என்றாள்.
நூற்றைம்பதில் முடிந்தது.
அதன்பிறகு ஒருநாள் கரண்ட் இல்லாமல் ஆலை நின்றபோது
எப்ப தொடங்குவியள் என்று
மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டவள் நான்தான்.

ஆய்வுகூடத்தில் ஒரு மேசை
இரவு பகலாய்க் குலுங்கிக்கொண்டிருந்தது.
குடுவைக்குள் பூஞ்சணம்
சவ்வரிசியாய் உருண்டு திரண்டிருந்தது.
"மா, சீனி எல்லாம் வேண்டியமட்டும் குடுப்பம்.
நைதரசனை மட்டும் நிப்பாட்டிப்போடுவம்.
வளர ஏலாது அக்கா. வேற வழியில்லாமல்
எண்ணெயாய்ச் சேர்க்கும்."
நுணுக்குக்காட்டியில் பார்த்தேன்.
முருங்கைக்காய்க்குள் விதைபோல்
ஒவ்வொரு இழைக்குள்ளும் துளி துளி துளி.
"தடுத்தால்தான் கொழுக்கும்" என்றாள்,
பல் தெரிய.

எங்களுக்குத் தடை போட்டபோது அவள் பிறக்கவில்லை.
எனக்குத் தெரிந்த தடையில் ஒருவரும் கொழுக்கவில்லை
என்று வாய்வரை வந்தது.
கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன்.

கோஸ்டிக் சோடாப் போத்தலில் குஜராத் என்று எழுதியிருந்தது.
இதைச் செய்த தொழிற்சாலை எங்கட ஊரில்தான் இருந்தது,
தூண்கள் இன்னும் நிக்குது என்றேன்.
அவள் அளந்து ஊற்றுவதிலேயே கண்ணாயிருந்தாள்.
விடியும்போது கிளிசரின் அடியில் இறங்கிவிட,
மேலே மிஞ்சியது
வெளிறிய மஞ்சளில் முக்கால் லீற்றர்.
நாலு பரல் தண்ணீருக்கு
முக்கால் லீற்றர்!

ஆலை முதலாளி சிவகடாட்சம் சிரித்தார்.
"ஷெட்டில விக்கிற டீசல் இதைவிட மலிவு, பிள்ளை."
"ஓம், இப்ப மலிவு" என்றாள்.
லான்ட்மாஸ்டர் கொண்டுவந்த நியூட்டனுக்கோ
எஞ்சின் பழுதாகிவிடும் என்று பயம்.
நான் சொன்னேன்:
கொப்பர் பெற்றோலை இரண்டு சொட்டுப் பீச்சிப்போட்டு
மண்ணெண்ணெயில் ஓடின ஊரடா இது. அடி.

மூன்றாம் இழுவையில் பிடித்தது.
புகை கறுக்கவில்லை.
அடுத்த நாலு பரலையும் பெட்டியில் ஏற்றி
பரல்களுக்கு நடுவில் நானும் ஏறி
கண்டி வீதியில் அறிவியல்நகர் நோக்கி.
அவள் மோட்டார்சைக்கிளில் பின்னால் வந்தாள்,
ஒரு கண் றோட்டில், ஒரு கண் எங்கள் புகைக்குழாயில்.

கரடிப்போக்கு தாண்டவில்லை.
இருமி, இன்னொருக்கால் இருமி, நின்றது.
நியூட்டன் ஷெட் டீசலை ஊற்றினான்.
மிச்சத் தூரம் முழுக்க அதில்தான்.

பூஞ்சணம் தின்று கழித்த தண்ணீரை
ஒரு வாளியில் எடுத்துக் குனிந்து மணந்தேன்.
கொஞ்சம் பாண் மணம். வேறொன்றுமில்லை.
அதை ஆருக்கு எழுதுவது?

கொப்பியில் தூரம் என்ற கட்டத்துக்குள்
மூன்று கிலோமீற்றர் சொச்சம் என்று எழுதி,
அடித்து,
கரடிப்போக்கு என்று எழுதினாள்.
அடுத்தமுறை கிளிநொச்சிச் சந்தி என்று
பக்கத்தில் பென்சிலால்.

கொப்பியை வாங்கி
கீழே நான் ஒரு வரி எழுதினேன்.
எட்டுப் பரல் கழுவிய கூலி பாக்கி.