ஒற்றை முட்டை

டென்வர் விமான நிலையத்தில்
காலையில் ஒரு சவாரிக்காக
வசவிலேயே கட்டிப்புரண்டவர்கள்.
மதியம் யெஷிமெபெத்தின் கடையில்
காலியாய் இருந்தது ஒரே கூடைமேசை.

"தட்டெல்லாம் கழுவப் போயிருக்கு"
என்றாள். பொய்.
ஒரே இன்ஜெராவை விரித்து
நடுவில் கோழிக்குழம்பை ஊற்றினாள்.

வொண்டிமு தன் ஓரத்தைப் பிய்த்தான்,
கெத்தாஹுன் தன் ஓரத்தை.
பிய்க்கப் பிய்க்க
எல்லை நடுவுக்கு வந்துவிட்டது.
அங்கே, சிவந்த குழம்பில், ஒற்றை முட்டை.

வெளியே பனி.
இரண்டு டாக்சியிலும் யாரோ
அபராதச் சீட்டைச் செருகிப் போகிறார்.

கெத்தாஹுன் முட்டையைப் பிட்டான்.
இன்ஜெராவில் பொதிந்து
எதிரே இருந்த வாயில் திணித்தான்,
கட்டைவிரல் வரைக்கும்.

வாய் நிறைந்தவன் என்ன திட்டுவான்?

"ஒரு கவளத்தோடு நிறுத்தினால் பகை"
காப்பிக்கொட்டையை வறுத்தபடி சொன்னாள்.

இரண்டாவது
வொண்டிமுவின் கையிலிருந்து வந்தது.
காரம் கொஞ்சம் தூக்கலாகவே.