தன்மை ஒருமை

மாதிரித் தேர்வு. நான்கு மணி நேரம்.
இருபத்தாறு பக்கக் கோப்பு,
போன பருவத்துப் புயலில் ஜன்னலோரம் இருந்தது.
உலர்ந்தபின் ஒவ்வொரு தாளும் அப்பளம்.
பத்தும் பதினொன்றும் ஒட்டிக்கொண்டுவிட்டன:
பத்தில் கடல்மட்டம், பதினொன்றில் காப்பீடு.
விளக்குக்கு நேரே பிடித்தால்
ஒன்றின் மேல் ஒன்று தெரிகிறது.

திருமதி க்ரோந்தென் வகுப்பில் சொன்னது:
இரண்டு பகுதி, பகுதிக்கு இரண்டு உட்பகுதி.
முதலில் நிலைமை, அப்புறம் தீர்வு.
மூன்றாவதாக ஏதாவது தோன்றினால் விட்டுவிடுங்கள்.
‘நான்’ வேண்டாம்.
எழுதுவது யாரென்று
திருத்துபவருக்குத் தெரியக் கூடாது.

சென்ற மாதம் எழுதியிருந்தேன்:
‘அன்றிரவு கூடைப்பந்து அரங்கில் நானூறு பாய் விரித்தோம்.’
அடித்துவிட்டு ஓரத்தில் சிவப்பு மையில்
எந்த ஆவணம்? எந்தப் பக்கம்?
பாய்களை எண்ணியவள் நான்.
மூன்று குறைந்தது. அதை எழுதவேயில்லை.

இந்த முறை ஒழுங்காக:
நானூறு பாய், ‘தற்காலிகத் தங்குமிட ஏற்பாடு’.
ரிவியேர் து மா கரையில்
சூசி விராப்பென்னின் பதினோரு ஆடு, ‘வேளாண் சேதம்’.
அதில் ஒன்று மாமரக் கவட்டையில் கிடந்ததே,
அதற்குச் சொல் கிடைக்கவில்லை.

பக்கம் இருபத்திரண்டு, வரைபடம்.
சிவப்பில் கட்டக் கூடாது. நீலத்தில் யோசிக்கலாம்.
ஊர்ப்பெயரை அழித்து
‘எக்ஸ் நகராட்சி’ என்று போட்டிருக்கிறார்கள்.
ஆனால் ஆற்றின் அந்த முழங்கை வளைவு,
சர்க்கரை ஆலைக்குத் திரும்பும் சாலை...
எக்ஸ் நகராட்சியில்தான் பதினாறு வருடமாக
நான் கோப்பு அடுக்குகிறேன்.
விரல் வைத்துப் பார்த்தேன்.
சூசி வீடு சிவப்பில்.
எங்கள் வீடு கோட்டிலேயே.
கோட்டின் தடிமன் எங்கள் கூடத்தின் அகலம்.

தேறினால் மேசை மாறும்.
சிவப்பில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதும் மேசை.
‘தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’
அங்கே பன்மைக்கு அனுமதி உண்டு.
பிரெஞ்சில் அதற்கு ஒரே சொல்.
எழுதிவிட்டுத் தமிழில்தான் இடறுகிறது,
நாமா, நாங்களா?

இன்னும் நாற்பது நிமிடம்.
‘II. தீர்வுகள்’ என்று எழுதி
அடிக்கோடு போட்டாயிற்று.
வெண்ணெய்க் கத்தியால்
ஒட்டிய பக்கங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.
பாதி வந்துவிட்டது.
கடல்மட்டத்தின் எண்கள்
காப்பீட்டின் மேல் இடம்வலம் மாறிப்
பதிந்திருக்கின்றன.