மிளகளவு

குட்டாய்சி மருத்துவமனையின் அடித்தளத்தில்
எல்லா நேரமும் எனக்கு இரவுதான்.

சோட்னே, பதினேழு வயது, மல்யுத்தக்காரன்.
முழங்கால் வலிக்கு இரண்டு மாதம்
ஐஸ் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.
எக்ஸ்ரேயில்
தொடையெலும்பின் கீழ்முனையிலிருந்து
வெயில் கிளம்புவதுபோல் ஊசிக் கதிர்கள்.
பார்க்க அழகாகக்கூட இருக்கும்.
அதுதான் எரிச்சல்.

எம்.ஆர்.ஐ. எல்லை அளந்தது:
மஜ்ஜைக்குள் பதினொரு சென்டிமீட்டர்,
மூட்டுக்குள் நுழையவில்லை,
பின்னால் ஓடும் ரத்தக்குழாயை
இன்னும் தொடவில்லை.
அறிக்கையில் 'இன்னும்' எழுதவில்லை நான்.

பிறகு நெஞ்சு சி.டி.
வலது நுரையீரலில் ஒன்று.
மிளகளவு.

காலிலிருந்து வந்ததென்றால்
நான்காம் நிலை.
இல்லையென்றால் காலோடு முடியும் சண்டை.
கர்சரை அதன்மேல் நிறுத்தி
ஆறிப்போன தேநீரைக் குடித்தேன்.

"பழைய படம் ஏதாவது?"
அவன் அப்பா அவ்தாந்தில்,
சியாத்துரா மாங்கனீசுச் சுரங்கத்தில் வேலை,
உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் பனியில் நனைந்து வந்தார்.
கோட்டுக்குள் ஒரு ஃபிலிம்:
பதினோரு வயதில் சங்கத்தில் சேர எடுத்தது,
கோழிக்கூண்டு ஜன்னலில்
கண்ணாடிக்குப் பதிலாக
ஆணியடித்திருந்ததாம்.

எச்சத்தைத் துடைத்து
விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.
சின்னச் சின்ன விலாக்கள்.
அதே இடம். அதே மிளகு.
ஆறு வருஷமாய் வளராத சுண்ணாம்பு,
எப்போதோ வந்து, சொல்லாமல் போன
காசநோயின் தழும்பு.

கால் பற்றி அவரிடம்
எதையும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.
நெஞ்சு பற்றிச் சொன்னேன்.
நெடுநேரம் கழித்துக் கேட்டார்:
"படத்தைத் திருப்பித் தருவீர்களா?
கோழிகளுக்குக் குளிரும்."

தரமாட்டேன் என்றேன்.
அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.