மூடிய பெட்டிக்குள்

எல் ஆல்ட்டோ. காலை ஐந்து.
முன்கண்ணாடியில் உறைபனி.
சாவியைத் திருப்பினால் டக்,
அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை.
"மூன்றாவது பேட்டரி, எவுலோகியா.
மறியல் வந்தாலே செத்துப்போகிறது.
எல்லாம் கள்ளச் சரக்கு."

செவெரினோவின் மினிபஸ்
மூன்று நாள் நகரவில்லை.
சாலை நெடுகக் கல்லும் டயர்ப் புகையும்.

மீட்டரில் பதினொன்று புள்ளி நான்கு.
என் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பினேன்.
ஓடும்போது பதினான்கு புள்ளி இரண்டு.
ஆல்டர்னேட்டர் நிரபராதி.
பெல்ட்டும் விறைப்பாய்த்தான் இருக்கிறது.
நிரப்புகிறவன் ஒழுங்காக நிரப்புகிறான்,
நிற்கும்போது யாரோ குடிக்கிறார்கள்.
"நிற்கும்போது குடிப்பது நான் ஒருவன்தான்" என்றார்.

எஞ்சினை அணைத்து
மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவே மீட்டரைக் கோத்து
ஃபியூஸ்களைப் பிடுங்கினேன்.
விரல் மரத்துவிட்டது.
ஒன்பதாவதில்
எண் பொத்தென்று விழுந்தது.

போனில் வீடியோ ஓடவிட்டு
டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்து மூடினேன்.
பத்து வரை எண்ணினேன்.

அப்புறம் இருவரும் பார்த்தோம்:
கதவு வருகிறது, சாத்துகிறது,
இருட்டு மட்டும் வரவில்லை.
கோக்கா இலைப் பை, சில்லறை,
ஒற்றைக் கையுறை,
மனைவியின் திருவிழாச் சால்வையை
அடகு வைத்த சீட்டு,
தொகையோடு, தேதியோடு,
மூன்று நாளாக நடுப்பகல் வெளிச்சத்தில்.

அவர் கட்டைவிரல்
திரையின் அந்த மூலையில் போய் உட்கார்ந்தது.

நான் சுவிட்சைப் பற்றிப் பேசினேன்,
தேய்ந்த அதன் பிளாஸ்டிக் மூக்கைப் பற்றி.
பல்பைப் பிடுங்கி அவர் கையில் வைத்தேன்.

சுட்டது போல.
கை மாற்றிக்கொண்டார்.